நியாயமும் நடையும்: ஜவ்வாது மலையடியில் ஒரு விடை

ஜவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த திருப்பத்தூரில் 1921-ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமம் நிறுவப்பெற்றது. நிறுவியவர் இருவர், இருவரும் மருத்துவர். ஒருவர் தமிழரான சவரிராயன் இயேசுதாசன். மற்றவர் ஸ்காத்லாந்து நாட்டவரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் இவ்வாசிரமம் தொண்டு நிறுவனமாகவே பெரிதும் பேசப்படுகிறது. முந்நூறு ஆண்டுகளாகத் தமிழகத்தில் நடந்துவந்த ஒரு வாதத்தில் அது கூறிய விடையையும் நாம் கருதவேண்டும்.

தம் நம்பிக்கைக்கு எதிராக எழும் வினாக்களுக்குக் காரணம் காட்டி விடை கூறுதல் கிறித்தவத்தில் தொன்மையான மரபு. நம்பிக்கைக்குக் காரணம் கேட்போர்க்கு மறுமொழி கூற ஆயத்தமாயிருக்குமாறு பேதுருவின் முதல் திருமுகம் பணிக்கிறது. அம்மறுமொழி சாந்தத்தோடு அமையவேண்டும் என்றும் வரையறுக்கிறது. ஆகவே இம்மரபை அளக்கும் கோல் இரண்டு: காரணத்தின் வலிமை ஒன்று, சொல்வோரின் பண்பு மற்றொன்று.

தமிழில் இம்மரபைத் தொடங்கிவைத்தோருள் தலையாயவர் தத்துவ போதகர் என வழங்கப்பெறும் இராபர்ட் தெ நொபிலி (1577–1656). அவர் 1606-இல் மதுரைக்கு வந்தபோது கிறித்தவம் 'பரங்கி மார்க்கம்' எனப்பட்டது. கிறித்தவராதல் பரங்கிக் குலத்தில் சேர்தலாகவே கருதப்பட்டது. இத்தடையை அவர் ஒரு பகுப்பால் அகற்ற முயன்றார். உடை, உணவு, குடுமி, பூணூல் ஆகியன சமூக வழக்குகள்; நம்பிக்கையோ வேறு என்றார். காவியுடுத்தித் துறவியாய் வாழ்ந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் முதலிய உரைநடை நூல்களை எழுதினார். தம் சமயத்தாரிடமிருந்தே அவருக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது; எனினும் 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் முறைக்கு இசைவளித்தார். செய்யுளே ஆட்சி செய்த காலத்தில் தருக்கத்தைத் தாங்கும் உரைநடையைத் தமிழில் வளர்த்தவர் என்னும் பெருமை அவர்க்கு உண்டு. ஆயின் அவர் சமூக வழக்கென விலக்கி வைத்தவற்றுள் சாதியும் இருந்தது. உயர்குலத்தாரை அணுகும் பொருட்டுத் தாழ்த்தப்பட்டோரிடமிருந்து அவர் விலகி வாழ்ந்தார். அம்மக்களுக்கெனப் பண்டாரசாமிகள் என்னும் குருமார் பின்னர் ஏற்பட்டனர். ஒரு தடையை நீக்கிய பகுப்பே மற்றொரு தடையை நிலைக்கவிட்டது.

நூறாண்டு கழித்து, 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு வேறு வகையான வினாவை எதிர்கொண்டார். அவரும் குருண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்கு வினாக்கள் விடுத்து எழுத்தில் விடை பெற்றனர். அம்மடல்கள் செருமானிய மொழியில் ஆல்லே நகரில் வெளியிடப்பெற்றன. மடல் எழுதியோர் கிறித்தவக் கோட்பாடுகளோடு கிறித்தவரின் வாழ்க்கையையும் ஆராய்ந்தனர். கடற்கரையில் வாழும் ஐரோப்பியர் குடிக்கின்றனர், தூய்மை பேணுவதில்லை, இவர்தம் சமயம் எவ்வாறு மேலானதாகும் எனக் கேட்டனர். இது தருக்க நூலால் விடுவிக்க இயலாத வினா. இதற்கு வாழ்ந்துதான் விடை கூறவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு இயந்திரம் பரவவே வாதம் மேலும் சூடேறியது. பிற சமயத்தாரின் வழிபாட்டை இகழும் துண்டு நூல்கள் பெருகின. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் (1822–1879), 1854-இல் சைவதூஷண பரிகாரம் எழுதினார். கோவில், பலி, திருவிழா எனச் சைவத்தில் எவற்றைப் பாதிரியார் பழித்தனரோ, அவற்றுக்கு இணையானவற்றை விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டினார். நொபிலியின் நூற்பெயரிலும் நாவலரின் நூற்பெயரிலும் 'தூஷணம்' என்னும் சொல் நிற்பது சிந்திக்கத்தக்கது. இரு தரப்பாரும் பழிக்கு விடை கூறுவதாகவே எழுதினர். சாந்தம் என்னும் இரண்டாம் அளவுகோல் அந்நூற்றாண்டில் பெரிதும் கைவிடப்பட்டது. பயன் தமிழ் உரைநடைக்குக் கிடைத்த அளவு நம்பிக்கைக்குக் கிடைத்ததாகத் தோன்றவில்லை. வைணவராய்ப் பிறந்து 1858-இல் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் வாத நூலும் எழுதினார். இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியமும் பாடினார். இன்று அவரை நினைவில் நிறுத்துவது காவியமே. கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தில் இதற்கு மேலும் விளக்கம் வேண்டுவதில்லை.

இப்பின்புலத்தில் திருப்பத்தூரை நோக்குவோம். விடுதலைப் போராட்டம் வலுத்த காலத்தில் பழைய பரங்கி வினா புதிய வடிவில் மீண்டது: கிறித்தவம் ஆள்வோரின் சமயம் அன்றோ? ஆசிரமத்தார் தருக்கித்ததைக் காட்டிலும் வாழ்ந்து காட்டியதே மிகுதி. பேட்டன் பிறந்த குடும்பம் அலோவா நகரில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பம்; அவர் உடுத்தியதோ கதர். இயேசுதாசன் பெரியண்ணன் என்றும் பேட்டன் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பெற்றனர். வெள்ளையர் முன்னும் இந்தியர் பின்னும் நின்ற காலத்தில் இம்முறைப்பெயர்களே ஒரு வாதம். 1932-இல் சென்னையில் கதருடையோடு நின்ற பேட்டன் காவலரின் தடியடிக்கு ஆளானார். அச்செய்தி பிரித்தானியப் பாராளுமன்றத்திலும் எழுப்பப்பெற்றது. ஆசிரமத்தில் திராவிடக் கோவிற்கலையமைப்பில் கோபுரத்தோடு செபாலயம் எழுந்தது. நோயாளர்க்கு மருத்துவமனை நடந்தது. தரங்கம்பாடி மடல்கள் எழுப்பிய வினாவுக்கு இரு நூற்றாண்டு கழித்து மலையடியில் கிடைத்த மறுமொழி இது எனலாம்.

எனினும் இம்மறுமொழியும் முழுமையானதன்று. நல்வாழ்வு கோட்பாட்டை மெய்ப்பித்துவிடாது. எல்லாச் சமயத்திலும் சான்றோர் உளர். நியாயத்தின் பணியை நடை முற்றிலும் ஏற்க இயலாது. மேலும், துறவும் சைவ உணவும் கோபுரமும் எவருடைய தமிழ்ப் பண்பாடு என்னும் வினாவும் உண்டு. தமிழ்க் கிறித்தவருள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட குலங்களிலிருந்து வந்தோர்; அவர்தம் அன்றாட வாழ்வில் இவை இல்லை. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005), 'பரட்டை' என்னும் பெயரில் நாட்டுப்புற இசையில் வழிபாட்டுப் பாடல்கள் அமைத்தார். ஒரே உலையில் பொங்கி அனைவரும் பகிர்ந்துண்ணும் 'ஒரு ஒலை' என்னும் கருத்தை முன்வைத்தார். நொபிலி தொடாது விட்ட வினாவை அவர் அடுப்படியிலிருந்து தொடங்கினார். சாதி பார்க்கும் பந்தியில் எந்தத் தருக்கமும் செல்லாது என்பது அதன் உட்பொருள்.

ஆக, இவ்வரலாறு உணர்த்துவது இது. காரணம் கூறுதல் தடைகளை அகற்றும். தவறான கருத்துகளை நீக்கும். அதனை இழிவாகக் கருதுவோர் நம்பிக்கையை வெறும் பழக்கமாக்கிவிடுவர். ஆயின் கேட்போர் சொல்லை மட்டும் கேட்பதில்லை, சொல்வோரையும் காண்கின்றனர். இவ்வுண்மை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. சமத்துவத்தைப் பாடும் கவிஞரையும் படிப்போர் இவ்வாறே நோக்குவர். பத்தாண்டு கண்ட நம் வட்டம், தான் பாடுவதற்குத் தன் பந்தியிலும் அவையிலும் சான்று தேடவேண்டும்.