காகம் இல்லாத ஆண்டுகள்

அரசியல் உருவகக் கதை வேதாகம மாணவருக்குப் புதியதன்று. மரங்கள் தமக்கொரு ராஜாவைத் தேடிப் புறப்பட்டு, ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் மறுத்தபின் முட்செடியிடம் சென்ற வரலாற்றை, யோதாம் கெரிசீம் மலையின் உச்சியிலிருந்து சீகேமின் பெரிய மனிதருக்கு எடுத்துரைத்தான். கேட்டவர் எவருக்கும் முட்செடி யாரென்று விளக்கவேண்டியிருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய கதைகளுள் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டது ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘விலங்குப் பண்ணை’. 1903இல் பீகாரைச் சேர்ந்த மோத்திஹாரியில் பிறந்த அவ்வாங்கில எழுத்தாளர், 1943 நவம்பரில் இதை எழுதத் தொடங்கி அடுத்த பிப்ரவரியில் முடித்தார். ஸ்டாலின் பிரிட்டனின் நேசநாட்டுத் தலைவராக இருந்தமையால் பல பதிப்பகத்தார் இதனை மறுத்தனர். 1945 ஆகஸ்டிலேதான் நூல் வெளிவந்தது.

கதையை நம் வாசகர் அறிவர். குடிகாரப் பண்ணைக்காரனை விரட்டிய விலங்குகள் சமத்துவ ஆட்சி அமைக்கின்றன. பன்றிகள் மெல்ல மெல்லப் புதிய எஜமானராகின்றன. நெப்போலியன் என்னும் பன்றி ஸ்டாலின் என்பதும், துரத்தப்பட்ட ஸ்னோபால் ட்ராட்ஸ்கி என்பதும் வெளிப்படை. பாலையும் ஆப்பிள்களையும் பன்றிகள் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் சிறு நிகழ்ச்சியே கதையின் திருப்புமுனை என்றும், 1921இல் கிரான்ஸ்டாட் கடற்படையினரின் கிளர்ச்சி நசுக்கப்பட்டதை அதனால் குறித்ததாகவும் ஆர்வெல் ஒரு கடிதத்தில் தெரிவித்தார். நூல் அச்சிலிருக்கையில் அவர் செய்த ஒரு திருத்தம் இன்னும் சுவையானது. காற்றாலை வெடித்தபோது எல்லா விலங்குகளும் தரையில் குப்புற விழுந்தன என்றிருந்ததை, நெப்போலியன் தவிர மற்றவை விழுந்தன என மாற்றினார். ஜெர்மானியர் நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவைவிட்டு ஓடவில்லை. அதற்குரிய நியாயத்தை அவருக்கு வழங்கவேண்டும் என்பதே காரணம். எதிரிக்கும் இவ்வளவு நுட்பமாக நியாயம் வழங்கிய ஆசிரியர் திருச்சபைக்கு வழங்கிய நியாயம் யாது என்று கேட்பது நமக்குத் தகும்.

திருச்சபை இக்கதையில் மோசே என்னும் அண்டங்காக்கையாக வருகிறது. பண்ணைக்காரனின் செல்லப் பறவை அது. உழைப்பதில்லை, கதை சொல்லும். மேகங்களுக்கு அப்பால் கற்கண்டு மலை உண்டென்றும், மரித்த விலங்குகள் அங்கே செல்லுமென்றும் போதிக்கும். புரட்சியன்று எஜமானியின் பின்னாலேயே பறந்துபோய்விடும். சில ஆண்டுகளுக்குப்பின் திரும்பி வந்து அதே கதையைச் சொல்லும். பன்றிகள் அதைப் பொய் என்று இகழ்ந்தாலும், வேலை ஒன்றும் கேளாமல் நாள்தோறும் சிறிதளவு பீர் கொடுத்துப் பண்ணையில் இருக்கவிடுகின்றன. அடிமைகளை எகிப்திலிருந்து நடத்திவந்தவனின் பெயரை, அடிமைகளை அடங்கியிருக்கச் செய்யும் பறவைக்குச் சூட்டியது கூரிய குத்தல். கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் தீர்க்கதரிசியைப் போஷித்தன. இங்கோ அரசு காகத்தைப் போஷிக்கிறது.

இக்குத்தல் முற்றிலும் அநியாயமானதென்று நாம் சொல்லமாட்டோம். மகா பீட்டர் 1721இல் தலைமைப் பேராயர் பதவியை ஒழித்து, அரசுக்குட்பட்ட சினாடு ஒன்றை ஏற்படுத்தினார். (அவருக்கு முன்மாதிரியாக இருந்தவை லுத்தரன் நாடுகளின் சபை ஆளுகைகள் என்பதைச் சீர்திருத்தச் சபையினராகிய நாம் மறப்பதற்கில்லை.) பாவ அறிக்கையில் அரசத் துரோகம் வெளிப்பட்டால் குருவானவர் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்னும் கட்டளையும் அடுத்து வந்தது. அந்தச் சபையைப் பண்ணைக்காரனின் செல்லப் பறவையாகக் கண்டவர் ஆர்வெல் ஒருவரல்லர். ருஷ்ய இறையியலாளர் பலரும் இவ்வடிமைத்தனத்துக்காக வருந்தினர்.

காகத்தின் திரும்புகையும் வரலாற்றோடு வியப்பூட்டும்படி ஒத்துப்போகிறது. 1943 செப்டம்பர் 4ஆம் நாள் இரவில் பேராயர்களான செர்கியுஸ், அலெக்ஸி, நிக்கொலாய் மூவரையும் ஸ்டாலின் கிரெம்ளினுக்கு அழைத்துப் பேசினார். நான்கே நாட்களில் செர்கியுஸ் தலைமைப் பேராயராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். யார்க் அத்தியட்சர் கார்பெட் அம்மாதமே மாஸ்கோ சென்றார். இரண்டு மாதங்களுக்குள் ஆர்வெல் பேனாவை எடுத்தார். சபையைக் கவனிக்க அமைக்கப்பட்ட அரசு மன்றத்தின் தலைவர் கார்ப்போவ் ஒரு இரகசியக் காவல்துறை அதிகாரி! பீரை அளந்து ஊற்றிய கை எதுவென்பது தெளிவு. ஆயினும் அன்று கிடைத்த சலுகைகளுள் இறையியல் கல்விக்கான அனுமதியும் ஒன்று; 1944இல் மாஸ்கோவில் பாடசாலை திறக்கப்பட்டது. அதைப் பீர் என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

கதை பிழைபடுமிடம் இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ளது. பறந்துபோன காகம் மீண்டுவரும்வரை அதைப்பற்றி ஆர்வெலின் பண்ணையில் பேச்சே இல்லை. மெய்யான வரலாறு நடந்ததோ அந்த ஆண்டுகளிலேதான்.

முதலாவது, எல்லாரும் பறந்துபோகவில்லை. நாட்டைவிட்டு வெளியேறிய பேராயர் சிலர் 1921இல் கார்லோவ்ட்ஸி நகரில் கூடி, ரோமனோவ் வம்சம் மீண்டும் அரியணையேறவேண்டும் என்றனர் என்பது மெய்யே. ஆனால் 1917இல் திருவுளச் சீட்டால் தெரிந்துகொள்ளப்பட்ட தலைமைப் பேராயர் தீக்கோன் மாஸ்கோவைவிட்டு அகலவில்லை. வெண்படையை ஆசீர்வதிக்கவும் அவர் மறுத்தார். குருமார் உள்நாட்டுப் போரில் பக்கஞ்சேரலாகாதென்று 1919இல் எழுதினார். எஜமானியின் பின்னால் பறக்கும் பறவையை இவரில் நாம் காணவில்லை.

வால்கா பஞ்சத்தின்போது, 1922இல், ஆலயங்களின் விலையுயர்ந்த பொருள்களை அரசு பறிமுதல் செய்தது. பெத்ரோகிராத் பேராயர் வெனியமீன், பசித்தோருக்காக அவற்றைத் தாமாகவே கொடுக்க இசைந்திருந்தவர். ஆயினும் எதிர்ப்புரட்சிக் குற்றஞ்சாட்டப்பட்டு அவ்வாண்டு ஆகஸ்டில் சுடப்பட்டார். தீக்கோன் 1925இல் மரித்தபின் அவர் பொறுப்பை ஏற்ற பேதுரு அவ்வாண்டே சிறைப்பட்டார். பதவியைத் துறக்கும்படி வற்புறுத்தப்பட்டும் இணங்காமல், விடுதலையே காணாமல் 1937 அக்டோபரில் சுடப்பட்டார். செர்கியுஸ் 1927 ஜூலையில் சோவியத் அரசுக்கு விசுவாசம் தெரிவித்து வெளியிட்ட அறிக்கையை ஏற்க மறுத்த பேராயர்கள் கிரில், யோசேப்பு இருவரும் அடுத்த மாதம் அதே முடிவை அடைந்தனர். செர்கியுஸையும் நாம் எளிதில் தீர்ப்பிடலாகாது. சிறையிலிருந்து வந்தவர், சபையின் அமைப்பையாவது காக்கலாமென்று நம்பினார். அந்த அறிக்கை சமாதானத்தை வாங்கித்தரவில்லை. 1939இல் நாடெங்கும் பணியில் விடப்பட்டிருந்த பேராயர் நால்வரே.

மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். 1937 ஜனவரியில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதநம்பிக்கை பற்றிய கேள்வியும் இருந்தது. பதினாறு வயதிற்கு மேற்பட்டோரில் பாதிக்கும் அதிகமானோர், ஏறக்குறைய 57 சதவீதத்தினர், தாம் விசுவாசிகள் என்று அரசு அதிகாரியின் முன்னிலையிலேயே பதிந்தனர். அக்கணக்கு வெளியிடப்படாமல் மறைக்கப்பட்டது. எடுத்த அதிகாரிகள் சிறைப்பட்டனர். ஆலயம் பூட்டப்பட்டு, குருவானவர் நாடுகடத்தப்பட்டு, கற்கண்டு மலையைப்பற்றிச் சொல்ல ஒருவருமில்லாத ஊர்களிலும் ஜனங்கள் இவ்வாறு எழுதினர். போதகனின் வாயிலேயே விசுவாசம் குடியிருக்கிறது என்று எண்ணும் கதையாசிரியருக்கு இது புலப்படுவதற்கில்லை.

இதனை ஆர்வெலின் வன்மம் என்று நாம் கருதவில்லை. அவர் விசுவாசியல்லராயினும், ஆங்கிலிக்கன் முறைமைப்படி அடக்கஞ்செய்யப்பட விரும்பி அவ்வாறே 1950இல் அடக்கஞ்செய்யப்பட்டவர். குறை உருவகத்தின் இயல்பிலேயே உள்ளது. அது ஒரு கூட்டத்துக்கு ஒரு விலங்கையே அனுமதிக்கிறது. செர்கியுஸுக்கும் வெனியமீனுக்கும் ஒரே காகத்தைக் கொடுத்தால் இருவருள் ஒருவர் மறைந்தே தீரவேண்டும். உழைப்பாளிகளுக்கு பாக்ஸர் என்னும் குதிரையையும் பெஞ்சமின் என்னும் கழுதையையும் தனித்தனியே கொடுத்தவர், திருச்சபைக்கு இரண்டாவது பறவை ஒன்றைக் கொடுத்திருக்கலாம்.

ஊற்றிய பீரும் நிலைக்கவில்லை. குருஷ்சேவ் 1958 முதல் 1964 வரை ஆயிரக்கணக்கான ஆலயங்களை மீண்டும் மூடினார். ‘விலங்குப் பண்ணை’ சோவியத் மண்ணில் வெளிப்படையாக அச்சேறியது 1988இல். ருஷ்யாவில் கிறிஸ்தவத்தின் ஆயிரமாம் ஆண்டு அரசின் இசைவோடு கொண்டாடப்பட்டதும் அவ்வாண்டிலேதான். வெனியமீனை ருஷ்யத் திருச்சபை 1992இல் பரிசுத்தவான்களின் வரிசையில் சேர்த்தது. அவருடைய சரீரம் இன்றளவும் கண்டெடுக்கப்படவில்லை.