திருச்சபை நில ஏடுகளில் ஃபர்லாங்கும் ஏக்கரும்

இங்கிலாந்துத் திருச்சபை 1571இலும் பின்னர் 1604இலும் வகுத்த விதிகள், ஒவ்வொரு பங்கிலும் குருவின் வாழ்வுக்கென விடப்பட்ட நிலங்களைப் பட்டியலிட்டு ஆயரின் பதிவகத்தில் சேர்க்குமாறு பணித்தன. 'கிளீப்' எனப்பட்ட அந்நிலங்களின் விவர ஏட்டுக்கு 'டெரியர்' என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டு ஏடுகளின் மொழி இன்றைய வாசகருக்கு எளிதாகத் தோன்றினும், பழகிய சொற்களே அவரைப் பெரிதும் ஏமாற்றுகின்றன.

தமிழரும் அறிந்த ஃபர்லாங், அதாவது 220 கெஜ நீளம், இவ்வேடுகளில் தூரமன்று; வேலியற்ற பெருவயலில் ஒரே திசையில் உழப்பட்ட நீண்ட பட்டைகள் பல சேர்ந்த, தனக்கென ஒரு பெயருடைய நிலத்தொகுதியே ஃபர்லாங். அதிலுள்ள ஒற்றைப் பட்டையை ஆங்கில ஏடுகள் 'லேண்ட்' என்றும் இலத்தீன் ஏடுகள் 'செலியோ' என்றும் குறித்தன. ஏர் திரும்புவதற்காகப் பட்டைகளின் முனையில் குறுக்கே விடப்பட்ட நிலம் 'ஹெட்லேண்ட்', பட்டைகள் பொருந்தாமல் முக்கோணமாக எஞ்சிய துண்டு 'கோர்'. எட்டு எருதுகள் பூட்டிய நீண்ட ஏர் முனையை எட்டுமுன்பே இடப்புறமாக ஒதுங்கத் தொடங்கியதால், பட்டைகள் தலைகீழ் 'எஸ்' எழுத்தைப் போல வளைந்தன.

ஏக்கர் இன்னும் சிக்கலானது. சட்டப்படி அது 40 பெர்ச் நீளமும் 4 பெர்ச் அகலமும், அதாவது 4,840 சதுர கெஜம் கொண்டது. இலங்கையில் இன்றும் காணி அளக்கும் பேர்ச் இந்தப் பதினாறரை அடிப் பெர்ச்சின் சதுரமே. ஆனால் செஷயர் வட்டாரத்தின் பெர்ச் 24 அடியாக இருந்தமையால், அங்கே ஏக்கர் 10,240 சதுர கெஜமாக விரிந்தது. போதாக்குறைக்கு, அளக்கப்படாத ஒரு பட்டையையே, அதன் பரப்பு எதுவாயினும், 'ஏக்கர்' என்றெழுதும் வழக்கமும் இருந்தது. ஆகவே டெரியரின் ஏக்கர்களைக் கூட்டி இன்றைய வரைபடத்தோடு ஒப்பிடுவது பெரும்பாலும் வீண் உழைப்பே.

எல்லையும் அளவால் அன்றி அண்டை நிலத்தாராலேயே சுட்டப்பட்டது: இன்ன ஃபர்லாங்கில் ஒரு பட்டை, கிழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்னார் நிலம் என, நம் பத்திரங்களின் நான்கெல்லையை ஒத்த முறை அது. பழைய ஏட்டைப் பார்த்துப் புதியதை எழுதியவர் இறந்தோர் பெயரையும் அப்படியே விட்டுவைத்ததுண்டு என்பதால், ஏட்டின் ஆண்டை மட்டும் நம்பி அண்டையாரைத் தேடலாகாது. பட்டைகளை உரியவர் பெயரோடு காட்டும் நிலவரைபடம் இருந்தால் வேலை எளிதாகும். நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டன் ஊருக்கு 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்தது அத்தகையது. பெருவயல் முறையை இன்றும் கைவிடாத அவ்வூரில், ஈரத்தால் உழமுடியாமல் புல்லுக்கு விடப்பட்ட பள்ளத்தை 'சைக்' என்ற பழஞ்சொல்லாலேயே வழங்குகின்றனர்.

மற்ற ஊர்களிலோ, பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் அடைப்புச் சட்டங்கள் பெருவயல்களைத் துண்டாக்கி வேலியிட்டன. எனினும் 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தசமபாக வரியைப் பணமாக மாற்றுவதற்கென வரையப்பட்ட வரைபடங்களின் அட்டவணைகளில், மறைந்த ஃபர்லாங்குகளின் பெயர்கள் பல தனிவயல்களின் பெயராக எஞ்சியுள்ளன. பழைய பட்டையின் ஓரத்தையொட்டி நடப்பட்ட வேலியாயின் எருதுகளின் வளைவையும் அது தாங்கியிருக்கும் என்பதால், பெயரும் வளைவும் ஒத்துவரும் இடத்தில் டெரியரின் ஃபர்லாங்கை ஓரளவு உறுதியோடு குறித்துவிடலாம்.