கையொப்பமும் சந்தாவும்: திரிசிரபுரத்தில் நூல் விலைபோன வரலாறு

மலைக்கோட்டை அடிவாரத்தில், தெப்பக்குளத்தைச் சூழ்ந்த தெருக்களில் பட்டும் பாத்திரமும் விலைபோன அளவுக்குச் செய்யுள் நூல் ஒருகாலத்தும் விலைபோனதில்லை. இதனை ஊரின் குறையாகச் சொல்லி வருந்துவார் உளர். ஆயின் கடைவீதியில் விலைபோகாத நூல் பின் எவ்வழியாக வாசகனைச் சென்றடைந்தது என்று வினவுவோர்க்குத் திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் சுவையான விடைகள் வைத்திருக்கின்றன.

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) காலத்தில் ஒரு நூலின் விலை பெரும்பாலும் அரங்கேற்றத்தோடு முடிந்துவிடும். ஊர்ப் பெருமக்கள் தலபுராணம் பாடித் தருமாறு வேண்டுவர். கோயில் மண்டபத்தில் நாள்தோறும் சில பகுதிகள் படித்துப் பொருள் விரிக்கப்படும். நிறைவு நாளில் சால்வையும் பொருளும் அளிப்பர். எழுதுமுன்பே விற்றுப்போன நூல் அது. கேட்டவர் பலர், ஏடு உடையவர் சிலர். இத்தகைய புராணங்களையும் பிரபந்தங்களையும் எண்ணற்றனவாகப் பாடியும் மகாவித்துவான் கடன் தொல்லையினின்று விடுபட்டாரில்லை என்பதை அவர் மாணவர் எழுதிய வரலாற்றில் காண்கிறோம்.

அச்சு வந்தபின் நூலுக்கு வேறொரு துணை வேண்டியதாயிற்று. அதுவே சாற்றுகவி. பெயர் பெற்ற புலவர் ஒருவர் பாராட்டிப் பாடிய சிறப்புப் பாயிரம் முகப்பில் நின்றால், அறியாத ஆசிரியனையும் வாசகன் நம்பி ஏற்பான். மகாவித்துவான் பிறர் நூல்களுக்கு வழங்கிய பாயிரங்கள் மிகப் பல. கேட்டவர்க்கு இல்லையென்னாத கொடை அது. இன்று அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்படும் பாராட்டுரைகளின் பாட்டன் இதுவே. யாப்பில் இருந்தமையால் பாட்டனுக்குச் சற்று மதிப்பு மிகுதி!

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்து, இவ்வூர் நீதிமன்றத்தில் பணியாற்றிப் பின் முனிசீபாக உயர்ந்த வேதநாயகம் பிள்ளை 1859இல் நீதிநூலை வெளியிட்டார். 1879இல் அவர் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவலெனப் போற்றப்படுகிறது. முன்னது அவை கேட்டற்குரிய செய்யுள்; பின்னது ஒருவன் தனித்திருந்து படித்தற்குரிய உரைநடை. இருபதாண்டு இடைவெளியில் ஒரே ஆசிரியர் இருவகை வாசகரை நோக்கிப் பேசியிருக்கிறார். ஆயினும் இரண்டாம் வகையினரைத் தேடிப் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை.

அவர்களைப் பிடிக்கும் வழிகளுள் முதன்மையானது கையொப்பம். ஆங்கிலக் கவிஞர் அலெக்சாந்தர் போப் 1715 முதல் தம் இலியத் மொழிபெயர்ப்பை ஆறு தொகுதிகளாக இம்முறையிலேயே வெளியிட்டுப் பொருளீட்டினார். மகாவித்துவானின் மாணவர் உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது அவரும் கையொப்பம் சேர்த்தார். கையொப்பம் வாக்குறுதியேயன்றிப் பணமாகாது. அன்பராயிருந்தவர், பிரதி கைக்கு வந்தபின் கடன்காரராகிவிடுவதும் உண்டு. அன்பரிடம் கடன் வசூலிக்கும் கலையை எந்த இலக்கணமும் கற்பிக்கவில்லை.

திருவரங்கம் வேறு வழி கண்டது. அங்கே டி.கே. பாலசுப்பிரமணிய ஐயரின் வாணிவிலாஸ் அச்சகம், சங்கரர் நூல்கள் அனைத்தையும் 20 தொகுதிகளாக வெளியிட்டது. 1910இல் காலடியில் சிருங்கேரி மடத்தார் நிகழ்த்திய பிரதிட்டையின் நினைவுப் பதிப்பு அது. வைணவத்தின் தலைநகரில் அத்துவைத நூல்கள் அச்சேறியது வியப்பன்று. அச்சுக்கு எத்தத்துவமும் ஒன்றே. கருதத்தக்கது அதன் சந்தை. வடமொழி நூலாதலின் காசியிலும் பூனாவிலும் அதைப் படிக்க வல்லார் இருந்தனர். மடத்தின் சீடர் பரப்பு பெரிது. 1877இல் ஏற்பட்ட வி.பி.பி. அஞ்சல் முறையோ, பணம் வாங்கிக்கொண்டே பொதியைக் கொடுத்தது. கையொப்ப முறையின் தீராத நோய்க்கு அஞ்சல்காரரே மருந்தானார். காவிரிக் கரையில் அச்சான வடமொழி நூலுக்கு இமயம் வரை வாசகர் இருக்க, அதே கரையில் அச்சான தமிழ்க் கவிதைக்குக் கொள்ளிடம் தாண்டினால் வாசகர் அரிதாயினர்.

இவ்வரிய நிலையை மாற்ற எண்ணியவருள் பாரதிக்கு இணையில்லை. 1920இல் தம் நூல்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடப்போவதாகச் சுற்றறிக்கை விடுத்துப் பொருளுதவி கோரினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போலத் தம் நூல்கள் வீடுதோறும் விலைபோகும் என்பது அவர் நம்பிக்கை. பணம் வரவில்லை, மறு ஆண்டு செப்டம்பரில் அவரும் இல்லை. 1922இல் செல்லம்மா பாரதி, பாரதி ஆச்சிரமம் என்ற பெயரில் சுதேச கீதங்களை வெளியிட்டதோடு அக்கனவின் ஒரு துண்டு நனவாயிற்று. பாரதியை வெறுங்கனவு கண்டவர் என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. நூலைச் செல்வர் ஒருவர் காலடியில் வைக்காமல் பல்லாயிரவர் காசில் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அவருடையது. காலம் அக்கணக்குக்கு முந்தியிருந்தது, அவ்வளவே.

1940களில் திருச்சி வட்டாரத்தில் நிகழ்ந்தது இவ்வரலாற்றின் செழுமையான பகுதி. போர்க்காலம், காகிதம் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. மணிக்கொடி நின்றுபோய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 1942இல் சாலிவாகனன் திருச்சியில் கலாமோகினியைத் தொடங்கினார். துறையூரிலிருந்து அரசியல் ஏடாக வந்துகொண்டிருந்த கிராம ஊழியன் 1943இல் இலக்கிய இதழாக உருமாறியது. திருலோக சீதாராமும் கு.ப. ராஜகோபாலனும் அதனைப் பேணினர். 1944 ஏப்ரலில் கு.ப.ரா. மறைய, வல்லிக்கண்ணன் பொறுப்பேற்று 1947 வரை நடத்தினார். யாப்பை நெகிழ்த்த புதுக்கவிதையை ஏற்க அஞ்சிய காலத்தில் ந. பிச்சமூர்த்தி, கு.ப.ரா. ஆகியோர் கவிதைகளுக்கு இவ்விரு இதழ்களும் இடமளித்தன. தி. ஜானகிராமனின் முதல் நாவல் அமிர்தம் தொடராக வந்ததும் கிராம ஊழியனில்தான்.

இவ்விதழ்கள் விற்பனையில் வென்றன என எவரும் கூறார். சிற்றிதழின் கணக்கு இரக்கமற்றது. சந்தா ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை வரும். அச்சுக்கூலியும் தாளின் விலையும் இதழ்தோறும் வரும். முகவரோ விற்ற பிரதிக்குப் பணம் அனுப்பத் தாமதிப்பார், விற்காத பிரதியைத் திருப்பி அனுப்ப மட்டும் தாமதியார். முதலாண்டு நட்பின் பொருட்டுச் சேர்ந்த சந்தாதாரர் இரண்டாமாண்டு புதுப்பிக்கிறாரா என்பதிலேதான் இதழின் உயிர் இருந்தது. பல இதழ்கள் அந்த இரண்டாமாண்டைக் கடக்கவில்லை.

கடந்தவர் திருலோக சீதாராம் (1917-1973). திருச்சியிலிருந்து அவர் நடத்திய சிவாஜி அவர் மறையும்வரை வந்தது. அதற்குக் காரணம் இதழின் உள்ளடக்கம் மட்டுமன்று, ஆசிரியரின் குரலும் ஆகும். பாரதியையும் பாரதிதாசனையும் ஏடு பாராது மணிக்கணக்கில் இசைக்க வல்லவர் அவர். கூட்டம் முடிந்து கலைந்தவன் அக்கவிஞர் நூலைத் தேடிப் போனான். தேவசபை என்று அவர் கூட்டிய நண்பர் குழாம் வாசகர் சபையாகவும் சந்தாதாரர் பட்டியலாகவும் ஒருங்கே விளங்கியது எனலாம். மகாவித்துவான் காலத்து அரங்கேற்றம் வேறு உருவில் திரும்பியிருந்தது. ஒரு வேறுபாடு: இப்போது சால்வை இல்லை, இதழின் விலை மட்டுமே. பிறர் கவிதைக்கு இத்தனை கேட்போரைச் சேர்த்தவர், தம் கந்தருவ கானத்துக்கு அதிற் பாதியும் உழைத்ததாகத் தெரியவில்லை.

அச்சுக்கும் வழியில்லாத இளைஞர்க்குக் கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. திருவரங்கத்தில் ரங்கராஜன் என்ற இளைஞர் நேதாஜி என்னும் பெயரில் ஒன்று நடத்தினார். முதற்பிரதியைக் கல்கி வெளியிட்டார். அவ்விழாவில் அறிமுகமான வானொலி அதிகாரியால் ரங்கராஜனுக்குத் திருச்சி நிலையத்தில் எழுதும் வாய்ப்புக் கிட்டியது. 1939இல் தொடங்கிய அந்நிலையம், ஒருமுறை ஒலித்து மறையும் எழுத்துக்கும் தவறாமல் ஊதியம் தந்தது. நூலாசிரியர் பலர் கண்டறியாத ஒழுங்கு அது. அந்த ரங்கராஜனே பின்னர்க் கவிஞர் வாலி.

1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டபின் அரசே பெரிய வாங்குநராயிற்று. நூலக ஆணை கிடைத்தால் அச்சுச் செலவு தேறும், கிடைக்காவிடில் கட்டுகள் கட்டிலுக்கடியில் தங்கும் என்ற நிலையைக் கவிஞர் பலர் அறிவர். கையொப்பமிட்டவனை ஆசிரியன் அறிவான்; நூலக அலமாரியில் தன் நூலை எடுப்பவனை அறியான். 2022 செப்டம்பரில் தூய ஜான் வெஸ்ட்ரி பள்ளி மைதானத்தில் மாவட்ட நிருவாகம் நடத்திய புத்தகத் திருவிழாவில் இருவரும் மீண்டும் முகம் பார்த்துக்கொண்டனர்.

நேதாஜியில் எழுதிய மற்றொரு திருவரங்கத்து ரங்கராஜன், சுஜாதா. பின்னாளில் தமிழில் மிகுதியாக விற்ற எழுத்தாளருள் ஒருவர். அவருடைய முதற்கதை 1953இல் திருலோக சீதாராமின் சிவாஜியில் அச்சாயிற்று. அவ்விதழின் ஒரு பிரதி கிடைக்குமா என்று அவர் பல்லாண்டு தேடினார்.