இசைத்தட்டும் ஏகலைவனும்

ஏகலைவன் கதையை அறியாதார் நம்மில் எவருமிலர். கற்பிக்க மறுத்தவரின் மண்ணுருவை வைத்து வில்வித்தை கற்றான். கற்றதற்குக் கட்டை விரலை இழந்தான். பிறப்பைப் பார்த்து வித்தை வழங்கிய காலத்திற்கு அக்கதையே சாட்சி. இசையும் நெடுங்காலம் அவ்வழியே நடந்தது. நாகசுரமும் பிடிலும் குருவின் வீட்டில் ஆண்டுக்கணக்காகத் தங்கிப் பயில வேண்டியவை. அவ்வீட்டு வாசலோ எல்லோருக்கும் திறக்கவில்லை.

அவ்வாசலைத் தள்ளித் திறந்தது ஓர் இயந்திரம். 1877-ஆம் ஆண்டில் அமெரிக்கரான எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். 1902-இல் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து நம் நாட்டுப் பாட்டுகளைத் தட்டில் பதிந்தார். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கியது ஏறக்குறைய மூன்று நிமிஷமே. ஆயினும் நூறு முறை வைத்தாலும் அது சலித்துக்கொள்ளாது. கேட்பவன் என்ன ஜாதி என்று வினவாது.

கேட்டால் மட்டும் போதுமா? துரிதமான பிருகா காதுக்கு இனிக்கும், விரலுக்கு அகப்படாது. இதற்கும் அவ்வியந்திரத்திலேயே வழி இருந்தது. வேகத்தைக் குறைத்து ஓட்டினால் நுணுக்கங்கள் தனித்தனியே புலப்படும். 1906-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் நாட்டுப்புறப் பாடகர்களை மெழுகு உருளையில் பதிந்த பெர்ஸி கிரெய்ஞ்சர், அவ்வுருளைகளை மெதுவாகச் சுழலவிட்டே பாட்டுகளை எழுதிக்கொண்டார். முதற்காலத்தில் நன்கு பழகிய பின்னரே இரண்டாங்காலம் என்பது நம் ஆசிரியர்களின் முறையும் அன்றோ!

ஆனால் ஒரு சங்கடம். வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டை 65 சுற்றாக்கினால், ஆர்மோனியத்தில் வெள்ளையும் கறுப்புமாக எண்ணி மூன்று கட்டை இறங்கிவிடும். கற்பவன் மீண்டும் சுருதி சேர்க்க வேண்டும். சரிபாதியாக்கினாலோ ஒரு ஸ்தாயி இறங்கி, ஸட்ஜம் ஸட்ஜமாகவே நிற்கும். 1948-இல் 33⅓ சுற்று நெடுந்தட்டு வந்தது. பின்னர் வந்த பெட்டிகள் சிலவற்றில் 16⅔ சுற்றும் இருந்தமையால் அப்பாதி எளிதாயிற்று. 1966-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளானகன், கோல்டன் இருவரும் சுருதி மாறாமலே காலத்தை நீட்டும் கணக்குமுறை ஒன்றை வெளியிட்டனர். இன்று கைபேசியே அவ்வேலையைச் செய்கிறது.

எனினும் இயந்திரம் பாடிக் காட்டுமேயன்றி, கற்பவனின் பிழையைச் சொல்லாது. பிழை திருத்த மனிதர் வேண்டும். தங்கா பத்து முதலிய மலாக்கா வட்டாரங்களில் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் தானே கேட்டுப் பாதி வழி வந்து நின்றால், மீதி வழிக்குக் கைகொடுப்பது யார்? திருவிழாவுக்குக் கடல் கடந்து மேளகாரரை வரவழைக்கும் கோயில்கள், அச்செலவில் ஒரு சிறு பங்கை ஜாதி பாராத இசை வகுப்புக்கு ஒதுக்கலாகாதா? இயந்திரம் எவனுடைய கட்டை விரலையும் கேட்கவில்லை. மனிதராகிய நாமும் கேளாதிருப்போமாக.