தட்டினால்தான் எழும் பூதம்!

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா இரண்டே பேர். பிள்ளை நியூ ஜெர்சியில். ஹாலில் கம்ப்யூட்டர், அதன் தலையில் கேமரா. அப்பா நடமாடுகிறாரா என்று பையன் அங்கிருந்தே பார்த்துக்கொள்வான். கம்ப்யூட்டரைத் தொட பெரியவர்கள் இருவருக்கும் பயம்.

ஒருநாள் கரண்ட் போய் வருகிறது. கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்துவிடுகிறது. வைஃபை பெட்டி எழ இன்னும் ஒரு நிமிஷம் ஆகும். அதற்குள் இது தேடிப் பார்த்துவிட்டு, யாருமில்லை என்று உட்கார்ந்துவிடுகிறது. இல்லையென்றால், யாராவது பாஸ்வேர்டு போடட்டும் என்று காத்திருக்கிறது. நியூ ஜெர்சியில் திரை கறுப்பு. திருச்சியிலிருந்து மெக்கானிக் காவிரிப் பாலம் தாண்டி வந்து தட்டிக் கொடுத்தால்தான் உண்டு.

இது வைஃபை கொண்டுவந்த வியாதி என்றா நினைக்கிறீர்கள்? கம்பியில்லாத் தொடர்போடு கூடவே பிறந்தது சார்!

1890-ல் பிரான்சில் எத்வார் பிரான்லி ஒரு விஷயம் கண்டுபிடித்தார். கண்ணாடிக் குழாயில் உலோகத் தூள். பக்கத்தில் மின்பொறி பறந்தால், அதுவரை சும்மா கிடந்த தூள் மின்சாரத்தைக் கடத்துகிறது. ஆலிவர் லாட்ஜ் இதற்கு 'கோஹரர்' என்று பெயர் வைத்தார். ரேடியோ அலையைப் பிடிக்க அருமையான கருவி. ஒரே கோளாறு, ஒரு சிக்னல் வந்ததும் தூள் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அடுத்த சிக்னல் வந்தது அதற்குத் தெரியாது. குழாயைத் தட்டி உதிர்த்தால்தான் மறுபடி காது கேட்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தட்டு!

யார் உட்கார்ந்து தட்டுவது? ரஷ்யாவில் போபோவ் 1895-ல் ஒரு வழி செய்தார். தூரத்து மின்னலை உணர்ந்ததும் மணி அடிக்கும். அடித்துவிட்டுத் திரும்பும் சுத்தியல் குழாயையும் தட்டும். ஆளே வேண்டாம். நம்முடைய 'ரீஸ்டார்ட்' பட்டனுக்குப் பாட்டனார் அந்தச் சுத்தியல்தான்.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். (நம்ம திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன் 1907-ல் கல்கத்தா போனபோதும் போஸ் அங்கேதான் பேராசிரியர்.) தட்டவே வேண்டாமே என்றார் போஸ். இரும்பு, பாதரசம், நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம். அலை போனதும் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். 1899-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரையாகவே வெளியிட்டுவிட்டார்.

1901 டிசம்பர் 12. நியூஃபவுண்ட்லாந்தில் மார்க்கோனி, அட்லாண்டிக் தாண்டி வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டதாகச் சொன்னார். காதில் டெலிபோன், கையில் பாதரசக் கோஹரர். இத்தாலியக் கடற்படை நண்பர் சோலாரி கொடுத்தது என்றார்கள். கண்டுபிடித்தவர் யார் என்று இத்தாலிக்குள்ளேயே சண்டை! அது போஸுடையதுதான் என்று 1998-ல் ப்ரொபிர் பந்தியோபாத்யாய் விரிவாக வாதிட்டார். எனக்கு அவர் வாதம் பலமாகத்தான் படுகிறது.

சரி, உத்தர வீதிக்கு என்ன வழி? மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைஃபை கார்டைத் தூங்க வைக்கும் ஏற்பாட்டை முதலில் நிறுத்துங்கள். லாக்-இன் ஆவதற்கு முன்பே இணையும்படி வைக்க முடிந்தால் வையுங்கள். நிமிஷத்துக்கு ஒருதரம் 'இருக்கிறாயா' என்று கேட்டு, பதில் இல்லாவிட்டால் கார்டை அணைத்து ஏற்றும் சின்ன புரோகிராம் ஒன்றையும் போடலாம். அதுதான் போபோவின் சுத்தியல். என்னைக் கேட்டால், அப்பாவின் நடமாட்டம் தெரிய வேண்டிய வீட்டில் ஐந்து மீட்டர் கேபிள் இழுத்துவிடுவேன்.