பட்டியல் சொல்லும் விலை

வீட்டுப் பெட்டியில் பாட்டனார் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று அகப்பட்டால், அதை நாணயப் பட்டியல் நூலில் தேடிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நூலில் ஒரு விலை அச்சாகியிருக்கிறது. அதை நம்பிக் கடைவீதிக்குச் சென்றவர், பாதி விலைகூடக் கிடைக்காமல் திரும்புவதும் உண்டு. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று அவர் எண்ணுகிறார். சில வேளைகளில் அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும், அச்சிட்ட அந்த எண் எவ்வாறு பிறந்தது என்பதையும் நேயர்கள் சற்று ஆராய்ந்து பார்க்கவேண்டும்.

நாணயங்களை வருணிப்பதோடு அவற்றின் விலையையும் சேர்த்து எழுதும் முறை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் வலுப்பெற்றது. அங்கே அரசாங்க நாணயக் களஞ்சியத்தில் பணிபுரிந்த மியோனே என்பவர், ரோமானிய நாணயங்களின் அருமையையும் விலையையும் பற்றி 1815இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். பின்னர் ஹென்றி கோஹன் 1859 முதல் 1868 வரை ரோமப் பேரரசின் நாணயங்களைப் பல தொகுதிகளில் விவரித்து, பிராங்குக் கணக்கில் விலையும் குறித்தார். அவர் இட்ட வரிசை எண்களை நாணய வணிகர் வெகுகாலம் மேற்கோள் காட்டிவந்தனர். ஆனால் அவர் குறித்த பிராங்கு விலைகள் செல்லாக் காசாகிவிட்டன. எது மிகுதி, எது அருமை என்ற ஒப்பீட்டிற்கு மட்டுமே அவை பயன்பட்டன. அந்த ஒப்பீடும் நிலையானதன்று. 1929இல் பல்கேரியாவிலுள்ள ரெக்கா தெவ்னியா என்னும் ஊரில் ஒரு புதையல் வெளிப்பட்டது. அதிலிருந்து 80,000க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் எண்ணி வகைப்படுத்தப்பட்டன. எந்தப் பேரரசரின் காசு மெய்யாகவே குறைவு என்பதை மதிப்பிட அறிஞர்களுக்குப் புதிய அளவுகோல் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது.

விலைப் பட்டியலைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கு ஒரே பதிப்பகம் இருவகை நூல்களை வெளியிட்டது. 1942இல் வந்தது நீல நூல். 1946இல் வந்தது சிவப்பு நூல். வணிகர் நம்மிடம் வாங்கும்போது கொடுக்கக்கூடிய விலை நீல நூலில் இருக்கும். அதே நாணயத்தை அவர் நமக்கு விற்கும்போது கேட்கும் விலை சிவப்பு நூலில் இருக்கும். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. நம்மவர் கையாளும் பட்டியல்களிலோ பெரும்பாலும் விற்பனை விலை மட்டுமே காணப்படுகிறது. விற்கப் போகிறவர் அதைத் தமக்குரிய விலை என்று எடுத்துக்கொள்கிறார்!

ஆண்டுக்கொருமுறை அச்சாகும் நூல் சந்தையின் வேகத்துக்கு ஈடுகொடுப்பதுமில்லை. 1963இல் அமெரிக்காவில் வணிகர்களுக்கென்றே வாராந்தர விலை மடல் ஒன்று தோன்றியது இதனாலேயே. 1980 ஜனவரியில் ஓர் அவுன்சு வெள்ளி 50 டாலரை எட்டும் நிலைக்கு உயர்ந்து, இரண்டே மாதங்களில் அதில் நான்கிலொரு பங்களவுக்குச் சரிந்தது. சாதாரண வெள்ளிக் காசுகளுக்கு அந்நாளில் அச்சான விலைகள் என்ன கதியாயிருக்கும்!

இனி நம் நாட்டு ரூபாய்க்கு வருவோம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு ரூபாயை ‘பன்றி ரூபாய்’ என்பர். மன்னர் அணிந்த அங்கியிலுள்ள யானை உருவம் பன்றிபோல் தோன்றுகிறது என்று மக்களிடையே மனக்கசப்பு எழுந்தது. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகளில் அடித்த ஏறத்தாழ 94 இலட்சத்தில் சுமார் 7 இலட்சமே வெளிவந்திருந்தன. எஞ்சியவை உருக்கப்பட்டன, 1912இல் யானையின் உருவம் திருத்தப்பட்டது. பட்டியலில் அடித்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இதை மலிவான நாணயம் என்று கருதுவார். கதையை மட்டும் கேட்பவரோ பெரும் புதையல் என்று கருதுவார். உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் ஆண்டு ரூபாயின் வரலாறு இன்னும் சுவையானது. அதுவரை ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது. போர்க்கால நெருக்கடியால் 1940இல் அது பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய நல்வெள்ளி ரூபாய்களை அரசாங்கம் படிப்படியாகத் திரும்பப் பெற்றது. 1943க்குள் அவை செல்லுபடியாகாமற் போயின. கடைசி நல்வெள்ளி ஆண்டாகிய 1939இன் நாணயம் இலட்சக்கணக்கில் அடிக்கப்பட்டதாகக் குறிப்பிருந்தும், எஞ்சியவை மிகச் சில. அதனால்தான் இதற்குப் பட்டியல்களில் உயர்ந்த விலை. அந்த உயர்ந்த விலையே போலிகளையும் பிறப்பித்தது. வேறோர் ஆண்டின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி மாற்றியவை உலவுகின்றன. மாறாக, ஆயிரம் ஆண்டு பழமையுடைய இராஜராஜ சோழனின் செப்புக் காசு ஏராளமாகக் கிடைப்பதால் இன்றும் எளிய விலைக்கு வாங்கலாம். பழமை வேறு, அருமை வேறு.

தரத்தைப் பற்றியும் ஒரு சொல். பட்டியலில் ஒரே நாணயத்துக்கு நான்கைந்து விலைகள் பத்தி பத்தியாக இருக்கும். கண் எப்போதும் கடைசிப் பத்தியின் பெரிய எண்ணுக்கே தாவுகிறது. அதுவோ புழக்கத்துக்கே வராத, அடித்தபடியே உள்ள நாணயத்துக்குரியது. நம் வீடுகளில் செப்பைப் புளியிட்டும் வெள்ளியைத் திருநீறிட்டும் துலக்குவது நல்ல வழக்கந்தான். நாணயத்துக்கு மட்டும் அது நஞ்சு. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த நாணயமோ எந்தப் பத்தியிலும் சேராது. அதன் விலை பெரும்பாலும் உலோகத்தின் விலையே.

அயல்நாட்டு நூலில் டாலரில் குறித்த விலையை ரூபாயாகப் பெருக்கிப் பார்ப்பதும் தவறான கணக்கு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த நாணயத்தைத் தனியார் நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்யலாகாது. பன்றி ரூபாய் 2011லேயே இவ்வரம்புக்குள் வந்துவிட்டது. ஆகவே நம் நாட்டுச் சந்தையும் அயல்நாட்டுச் சந்தையும் தனித்தனியானவை.

இந்த அறியாமையே மோசக்காரருக்கு முதல். பழைய நாணயத்துக்கு இலட்சங்கள் தருவதாக விளம்பரம் செய்து, முன்கட்டணம், வரி என்று சொல்லிப் பணம் பறிப்போர் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தினர். அத்தகைய வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை, கட்டணம் எதுவும் தான் கேட்பதில்லை என்று அவ்வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. மெய்யாக விலை அறிய விரும்புவோர், அதே நாணயம் அதே தரத்தில் நம் நாட்டு ஏலங்களில் அண்மையில் என்ன விலைக்குப் போயிற்று என்று மூன்று நான்கு விற்பனைகளைப் பார்த்து, அதிலிருந்து ஏலக்காரரின் தரகைக் கழித்துக்கொள்க. ஆண்டு 1939 என்றிருந்தால், விலை பேசுமுன் அந்த ஒன்பதைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள்.