ஒன்றரை ஷிப்டும் ஒரு நிமிஷ மௌனமும்

ரெண்டு மாசமா பதிவுப் பக்கமே வரலை, மன்னிக்கணும் மக்களே. காரணம் டியூஷன். சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில் பதினாலு பிள்ளைகள். எதிர்வீட்டில் ஓவர்லாக் மெஷின் ஓடும், பக்கத்துச் சந்தில் எஃப்.எம். அலறும். நடுவில் "சத்தம் போடாதே"ன்னு நான் கத்துவேன். தெருவிலேயே பெரிய சத்தம் என்னுதுதான் :-)

அப்போதான் மரியா மாண்டிசோரி பற்றிப் படிச்சேன். மாண்டிசோரின்னா நம்ம திருப்பூர்ல ஃபீஸ் ஜாஸ்தியான ஸ்கூல்னுதான் அர்த்தம். ஆனா 1907 ஜனவரி 6-ல் ரோம் நகரின் சான் லொரென்சோவில் அந்தம்மா தொடங்கிய முதல் பள்ளி, ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கானது. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவரைக் கெடுக்கிறார்கள் என்பதுதான் கட்டடக்காரர்களின் கவலை. எனக்கு நம்ம லைன் வீடுகள்தான் ஞாபகம் வந்தது.

ஒருநாள் முற்றத்தில் நின்ற ஒரு தாயிடமிருந்து நாலு மாதக் கைக்குழந்தையை வாங்கி வகுப்புக்குள் கொண்டுவந்தார். இந்தக் குழந்தையைப் போல அசையாமல், மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் உங்களால் இருக்க முடியுமா என்பதுபோல் பிள்ளைகளிடம் பேச, அத்தனை பேரும் முயன்று பார்த்தார்கள். அதுவரை காதில் விழாத சின்னச் சின்னச் சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. பிறகு தள்ளி நின்று ஒவ்வொருவர் பெயராக மெல்லிய குரலில் கூப்பிட, நுனிக்காலில் நடந்து வந்தார்கள். மௌன விளையாட்டு பிறந்தது இப்படித்தான். இதில் மிரட்டலே கிடையாது என்பதுதான் விஷயம்.

அதே அம்மா 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் 'எதிரி நாட்டவர்' ஆகிவிட்டார். மகன் மரியோவைச் சில மாதங்கள் காவலில் வைத்தார்கள். பிறகு இருவரும் கொடைக்கானலில் இருந்தபோதும் பயிற்சி நிற்கவில்லை.

நம்ம பக்கத்திலும் இந்தச் சங்கதி புதுசில்லைங்க. 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958-ல் உலக சமுதாய சேவா சங்கம் தொடங்கினார். மனவளக்கலை, ஆழியாறு அறிவுத் திருக்கோயில் எல்லாம் அவர் கொடுத்தவை. 2018-ல் டெல்லி அரசுப் பள்ளிகளில் வந்த 'மகிழ்ச்சி வகுப்பு'கூட கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் சில நிமிஷங்களோடுதான் ஆரம்பித்தது.

சரி, நானும் செய்து பார்த்தேன். ஒரே ஒரு நிமிஷம். "என்ன கேட்டுச்சு?" என்றேன். "ஓவர்லாக் நின்னு நின்னு ஓடுதுங்க சார், நூல் அந்து போகுதாட்ட இருக்கு" என்றான் ஒருத்தன். தினமும் கேட்கிற எனக்கு அது தோணினதே இல்லை!

நாலாம் நாள் ஒரு ஆறாம் வகுப்புப் பொண்ணு அந்த ஒரு நிமிஷத்தில் தூங்கியே போச்சு. முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் விசாரித்தேன். அம்மாவுக்கு ஒன்றரை ஷிப்ட். வீடு வர ராத்திரி ஆயிடும். தம்பிக்குச் சோறாக்கிப் போடுவது இந்தப் பிள்ளைதான். ஆறு மாசமா என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கு. நான் போட்ட சத்தத்தில் எனக்குத் தெரியவே இல்லை.

கண்ணை மூடி உட்கார்ந்தால் அந்தம்மாவின் ஷிப்ட் குறைந்துவிடாது. மௌனத்தைக் காட்டிப் பிள்ளைகளை அடக்கிவைக்க நினைப்பதும் தப்பு. ஆனா வாத்தியார் முதலில் வாயை மூடினால் எதிரில் இருக்கிற பிள்ளை கண்ணில் படும். இப்போ அந்தப் பொண்ணுக்கு முதல் கால் மணி நேரம் பாடம் கிடையாது, தூங்கட்டும்.

ஆசிரியப் பதிவர்கள் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க.